மல்லிகை பூத்தும் மணக்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டி வைத்து மல்லிகை வளர்ப்பவர்கள் பலரும் ஒரே குறையோடுதான் என்னிடம் வருகிறார்கள். செடி பச்சைப்பசேலென நிற்கிறது, பூவும் பூக்கிறது, ஆனால் தேக்காவில் பூக்கடையைக் கடக்கும்போது நெஞ்சை நிறைக்கும் அந்த மணம் மட்டும் வரவில்லை என்கிறார்கள். யீஷூனில் 9ஆம் மாடி வாசலில் 14 ஆண்டுகளாக மல்லிகை வளர்க்கும் நானும், முதல் இரண்டு ஆண்டுகள் இதே குறைக்கு உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இலை பெருத்ததே தவிர மணம் கூடவில்லை. மல்லிகை தன் மணத்தை எந்தப் பொருளிலிருந்து, எந்த வேளையில் உண்டாக்குகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான், எந்த அறிகுறிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பது விளங்கியது. அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் குண்டுமல்லி, மதுரை மல்லி, அடுக்கு மல்லி என்று நாம் அழைப்பதும் மலாய்க்காரர்கள் மெலாத்தி என்று அழைப்பதுமான ஜாஸ்மினம் சம்பாக் என்னும் இனத்துக்கே பொருந்தும். பிச்சிப்பூவுக்கும் முல்லைக்கும் சில இடங்களில் கணக்கு மாறும்.

பிழை தேடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மல்லிகை மணம் பல பத்து ஆவியாகும் சேர்மங்கள் ஒன்றுகூடி எழுவது. அவற்றுள் ஐந்தை மூக்கால் அடையாளம் கண்டுகொண்டால் பிழை கண்டுபிடிப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். முதலாவது லினலூல். சமையலறையில் தனியாவை, அதாவது கொத்தமல்லி விதையை, அம்மியில் நசுக்கியதும் எழுகிற வாசத்தில் பெரும்பங்கு இதுவேதான்; தமிழில் அந்த விதைக்கும் இந்தப் பூவுக்கும் மல்லி என்ற ஒரே சொல் வழங்குவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. இரண்டாவது பென்சைல் அசிட்டேட்; கனிந்த பழத்தின் இனிப்பு வாசம் கொண்டது. மூன்றாவது ஆல்ஃபா ஃபார்னசீன். பச்சை ஆப்பிளின் தோலில் இருப்பது. நான்காவது மெத்தில் ஆந்த்ரனிலேட். திராட்சை சோடாவைத் திறந்ததும் வருகிற வாசத்துக்குக் காரணமானது. ஐந்தாவது இண்டோல். இதைத் தனியாகச் செறிவாக முகர்ந்தால் அந்துருண்டையும் அழுகலும் கலந்தாற்போல முகம் சுளிக்க வைக்கும். மிகச் சிறிதளவு மற்ற நான்கோடு கலந்திருக்கும்போதோ, மல்லிகைக்கு அந்த ஆழத்தையும் இரவுத் தன்மையையும் கொடுப்பது இதுதான். மல்லிகை மணத்தில் இண்டோல் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பெர்ட் ஹெஸ்ஸே 1899இல் கண்டறிந்தார்.

இவை எல்லாம் ஒரே வேகத்தில் காற்றில் கலப்பதில்லை. லினலூலின் கொதிநிலை ஏறத்தாழ 198 பாகை செல்சியஸ், பென்சைல் அசிட்டேட்டுக்கு 212, இண்டோலுக்கு 254, மெத்தில் ஆந்த்ரனிலேட்டுக்கு 256. அறை வெப்பத்தில் எதுவும் கொதிப்பதில்லை என்றாலும், கொதிநிலை குறைந்தவை பொதுவாக விரைவாக ஆவியாகிப் பறந்துவிடுகின்றன, மிகுந்தவை பின்தங்கி நிற்கின்றன. கீழே வரும் பல அறிகுறிகளுக்கு இந்த ஒரு வேறுபாடே விளக்கமாக அமையும்.

இன்னொன்றும் உண்டு. மூடிய மொட்டுக்குள் லினலூலும் பென்சைல் ஆல்கஹாலும் ஓரளவு சேர்ந்திருக்கின்றன, ஆனால் அவை சர்க்கரை மூலக்கூறோடு பிணைக்கப்பட்டுக் கிளைகோசைடு வடிவில் இருப்பதால் ஆவியாக முடியாது, மணக்கவும் மணக்காது. இதழ் விரியும் வேளையில் குளுக்கோசிடேஸ் வகை நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்க, மணப்பொருள் விடுபடுகிறது. மீதிப் பங்கைப் பூ அந்த மாலையிலேயே புதிதாகச் செய்கிறது. ஆகவே மல்லிகையில் மணம் என்பது போத்தலில் அடைத்து வைத்த அத்தர் போன்றதாக இல்லாமல், அடுப்பில் அப்போது வெந்துகொண்டிருக்கும் சமையல் போன்றதாக இருக்கிறது. அடுப்பு எரிகிறதா, அரிசி போட்டாகிவிட்டதா, யாராவது சன்னலைத் திறந்து வைத்துவிட்டார்களா என்று பார்ப்பதைப் போலத்தான் இங்கேயும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: மொட்டு வெள்ளையாக முற்றிவிட்டது, முகர்ந்தால் மணமே இல்லை

இது பிழையே இல்லை, நேரக் கணக்கு. சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டி உதித்து மாலை 7 மணியை ஒட்டி மறைவதால், மல்லிகையின் அட்டவணையும் இங்கே பெரிதாக மாறுவதில்லை. அன்றிரவு விரியப்போகும் மொட்டு பிற்பகலிலேயே பால்வெள்ளை நிறம் அடைந்து, நுனி சற்றுப் பருத்து, காம்பில் விறைப்பாக நிற்கும். என் வாசலில் இரவு 7 மணிக்கு மேல் இதழ்கள் நெகிழத் தொடங்கி, 8 அல்லது 9 மணிக்குள் விரிந்துவிடுகின்றன; அதற்கடுத்த சில மணி நேரமே மணம் உச்சத்தில் இருக்கும். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் காலை 7 மணிக்கு மொட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மணமில்லாத செடியை வாங்கிவிட்டோம் என்று முடிவு கட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த நேரக் கணக்கை மனிதர்கள் எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்குச் சீனாவின் ஃபூச்சோ நகரத்து மல்லிகைத் தேநீரே சான்று. அங்கே பிற்பகலில் பறித்த முற்றிய மொட்டுகளைக் குவித்து வைப்பார்கள். குவியல் தன் மூச்சாலேயே சூடேறும். சூடு மிஞ்சினால் பரப்பி ஆற்றி மறுபடியும் குவிப்பார்கள். மாலையில் பெரும்பாலான மொட்டுகள் வாய் திறக்கும் தருணத்தில் அவற்றைத் தேயிலையோடு கலக்க, இரவு முழுவதும் தேயிலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். பறித்த பிறகும் பூ மணத்தைச் செய்துகொண்டே இருக்கிறது என்ற உண்மையின் மேல்தான் அந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது. ஃபூச்சோவின் மல்லிகை, தேயிலை வளர்ப்பு முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரவு 9 மணிக்கு, முழுதாக விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். அப்போது மணந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: இரவு 9 மணிக்கும் வாசலில் மணம் தெரியவில்லை

அடுத்த புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, "தம்பி, பூவுக்கு மணம் போச்சா, இல்ல எனக்கு மூக்கு போச்சான்னே தெரியல, நீங்க வந்து ஒரு தடவ பாருங்களேன்" என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மணம் உண்டாகவில்லையா, உண்டான மணம் காற்றில் கரைந்து போகிறதா, வந்த மணத்தை மூக்கு உணரவில்லையா என்று மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் உரக்கடைக்குப் போகக் கூடாது.

பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்துவது ஓர் எவர்சில்வர் டம்ளர். நன்றாகக் கழுவி, சோப்பு வாசம் போக வெந்நீர் ஊற்றிக் காயவைத்த டம்ளரில், இரவு 9 மணிக்கு விரிந்த பூ மூன்றைப் போட்டு, ஒரு தட்டால் மூடி, 10 நிமிடம் வீட்டுக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். அது பழைய வாசங்களைத் தேக்கி வைத்திருக்கும், புதிய மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் 10 நிமிடமும் நீங்கள் பூவிடமிருந்து தள்ளி இருங்கள், ஏனெனில் ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதற்குப் பழகி உணர்வை இழந்துவிடுகிறது. பிறகு தட்டை விலக்கி ஒரே ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரையும் முகரச் சொல்லுங்கள்.

டம்ளரில் மணம் நிறைந்திருந்தால் செடி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, காற்றுதான் குறை. உயர்ந்த மாடிகளில் நடைவழியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் காற்று சீறிப் பாயும். இதழை விட்டு மணம் எழுந்த கணமே அடித்துக்கொண்டு போய்விடும். குளிரூட்டியின் வெளிப்புறப் பெட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் கேடு, அதிலிருந்து வரும் வெப்பக் காற்று பூவையும் வாட்டிவிடும். தொட்டியைச் சுவரின் மூலைக்கு நகர்த்தினாலே போதும். வேறொரு காரணமும் சேரலாம்: லினலூல், ஃபார்னசீன் போன்றவற்றில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால், காற்றிலுள்ள ஓசோன் அவற்றை எளிதில் தாக்கிச் சிதைத்துவிடுகிறது. புகைமூட்டம் சூழும் நாட்களில் மணம் மங்கித் தெரிவதைப் பார்த்துச் செடியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

டம்ளரில் மற்றவர்களுக்கு மணந்து உங்களுக்கு மட்டும் மணக்கவில்லை என்றால், காப்பி, பெருங்காயம் போன்ற மற்ற வாசங்களும் உங்களுக்குக் குறைந்திருக்கின்றனவா என்று கவனித்து, குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்த அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய டம்ளரிலும் மணம் இல்லை. அவருக்கு அடுத்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் விடை இருந்தது.

அறிகுறி: டம்ளரிலும் மணம் இல்லை, எந்தப் பருவத்திலும் இருந்ததே இல்லை

செடி மல்லிகைதானா என்று முதலில் பாருங்கள். நாற்றுப் பண்ணைகளில் வெள்ளைப் பூ பூக்கும் பல செடிகள் மல்லிகை என்ற பெயரில் கைமாறுகின்றன. ஓர் இலையைக் காம்போடு கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது நந்தியாவட்டையாகவோ ரைட்டியா இனத்துச் செடியாகவோ இருக்கும். மல்லிகையில் பால் வடியாது. அடுக்கு நந்தியாவட்டைப் பூ தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்கு மல்லியைப் போலவே ஏமாற்றும். இலை கூட்டிலையாகச் சிறுசிறு இலைகளோடு இருந்து, கசக்கினால் எலுமிச்சை வாசம் வந்தால் அது கெமுனிங். கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவான அந்தப் புதர் சிங்கப்பூரில் வேலியாக எங்கும் நிற்கிறது. அதன் மணம் அருமையானதுதான், ஆனால் அது அலை அலையாகப் பூக்கும் செடி என்பதால் பூக்காத வாரங்களில் எதிர்பார்க்க முடியாது. இலையிலும் தண்டிலும் மென்மயிர் அடர்ந்து, பூ கொத்துக் கொத்தாகப் பூத்தும் மணக்காவிட்டால் அது காக்கட்டான். அதுவும் ஜாஸ்மினம் பேரினமே என்றாலும் அதன் மணம் மிக மெலிந்தது, அந்தச் செடியிடம் கேட்டுப் பயனில்லை.

அக்காவின் செடியில் பால் வடிந்தது. அவர் அதைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் ஒரு குண்டுமல்லிக் கன்று வைத்துக்கொண்டார்.

அறிகுறி: சில மாதங்களில் மணக்கிறது, சில மாதங்களில் மணம் மெலிந்துவிடுகிறது

இந்தக் குறைதான் நம் அடுக்குமாடி வீடுகளில் மிகுதி, இதற்குத்தான் மிகுதியாகத் தவறான மருந்தும் கொடுக்கப்படுகிறது. காரணம் பெரும்பாலும் வெளிச்சம்.

லினலூலின் ஒரு மூலக்கூறில் 10 கரி அணுக்கள் இருக்கின்றன, ஃபார்னசீனில் 15. அவை அத்தனையும் இலை வெயிலில் செய்த சர்க்கரையிலிருந்து வர வேண்டும். பென்சைல் அசிட்டேட்டோ ஃபீனைல் அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைச் செடி கட்டும் பாதையிலிருந்து பிரிகின்றன. அந்தப் பாதைகளின் முதலீடும் இறுதியில் அதே சர்க்கரைதான். நேரடி வெயில் குறைந்தது 5, 6 மணி நேரம் கிடைக்காத செடி, கையில் இருக்கும் சர்க்கரையை முதலில் இலைக்கும் வேருக்கும் செலவிட்டு, மீதி இருந்தால் பூவுக்கும், அதற்கும் மீதி இருந்தால் மணத்துக்கும் கொடுக்கிறது என்று எண்ணிக்கொண்டால், நடப்பது சரியாகவே விளங்கும்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் சூரியன் நமக்கு வடக்கேயும் மீதிக் காலம் தெற்கேயும் செல்கிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை வடக்கே. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்கு நோக்கிய நடைவழியில் உள்ள செடிக்கு ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் கிடைக்கும், டிசம்பரில் நேரடி வெயில் அறவே இராது. தெற்கு நோக்கியதற்கு இது தலைகீழ். ஆனால் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடுவதால் அந்தச் செடிகள் தங்களுக்குரிய பருவத்திலும் பாதியை இழக்கின்றன. கிழக்கு, மேற்கு நோக்கிய வாசல்களுக்கு ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. என் வாசல் வடக்கு நோக்கியது. நான் உரத்தை மாற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஜூன், ஜூலையில் மணம் திரும்பி வந்தபோதெல்லாம் அது புதிய உரத்தின் பலன் என்று நம்பினேன். டிசம்பரில் மறுபடி மங்கியபோது வேறு உரம் வாங்கினேன். ஒரு நாட்காட்டியில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் தொட்டியின் மேல் வெயில் விழுகிறது என்று குறித்துவைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு முறை பார்த்து எழுதுங்கள். 5 மணி நேரத்துக்கும் குறைவென்றால் தொட்டியை உயர்த்துங்கள். கைப்பிடிச் சுவரின் நிழலிலிருந்து ஓர் அடி மேலே வந்தாலே வெயில் ஒரு மணி நேரம் கூடுவதை நான் கண்டிருக்கிறேன். கைப்பிடிச் சுவரின் மேலேயே தொட்டியை வைக்கக் கூடாது, கீழே விழுந்தால் உயிர்ச்சேதம். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியையும் மறக்க வேண்டாம். இடமே இல்லாதவர்கள் உங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தில் செடியை வைத்துவிட்டு மொட்டு மட்டும் பறித்து வரலாம், மாலையில் பறித்த முற்றிய மொட்டு உங்கள் வீட்டிலேயே விரிந்து மணக்கும்.

வெயில் போதுமான அளவு இருந்தும் மணம் மெலிந்தால், இலையைப் பாருங்கள். கருமையான பெரிய இலைகள், நீண்டு ஓடும் கொடி போன்ற கிளைகள், விரல்விட்டு எண்ணும்படியான பூக்கள் என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. கோழி எருவையும் யூரியாவையும் 6 வாரம் நிறுத்தி, சாம்பல் சத்து மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால், நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில் ஒருமுறை கவாத்து செய்வார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லாததால், ஒவ்வொரு பூப்பு அலையும் ஓய்ந்ததும் சிறிது சிறிதாக வெட்டுவதே நல்லது.

அறிகுறி: இரவில் இனிமையாக மணந்த பூ, காலையில் அந்துருண்டை போல வீசுகிறது

பூசை அறையில் இரவு வைத்த பூவைக் காலையில் எடுக்கும்போது இதைப் பலர் உணர்ந்திருப்பீர்கள். சிலர் பூ கெட்டுவிட்டது என்றும், சிலர் மருந்தடித்த பூ என்றும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கொதிநிலைக் கணக்கை இங்கே நினைவுகூருங்கள். இரவு முழுவதும் லினலூலும் பென்சைல் அசிட்டேட்டும் முன்னால் பறந்துவிட, பின்தங்கி நிற்கும் இண்டோலின் பங்கு கலவையில் கூடிக்கொண்டே போகிறது. இனிப்பு போய்விட்டது, ஆழம் மட்டும் தனியாக நிற்கிறது. மூடிய சிறிய அறையில் அது இன்னும் தடித்துத் தெரியும்.

ஓர் இரவு இதைப் படிப்படியாகக் கவனித்துப் பார்த்தேன். ஒரே பூவை மூடிய டம்ளரில் வைத்து, 9 மணிக்கு முகர்ந்தபோது தனியாவின் கூர்மையும் பழ இனிப்பும் முன்னால் நின்றன. 12 மணிக்குத் திராட்சை வாசம் மேலோங்கியது. காலை 6 மணிக்கு இதழ் விளிம்பு கண்ணாடி போல நீர்கோத்து, அடிப்பகுதியில் ஊதாச் சாயல் ஏறியிருந்தது. முகர்ந்தால் பழைய துணி அலமாரியைத் திறந்தாற்போல இருந்தது. அதே பூ, அதே டம்ளர்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பூவை விரிந்த நேரத்தோடு எண்ணிப் பயன்படுத்துவது. படுக்கையறையில் வைப்பதானால் ஏழெட்டுப் பூ போதும், சன்னல் திறந்திருக்கட்டும், காலையில் எழுந்ததும் அகற்றிவிடுங்கள். சிலருக்கு இண்டோலின் முனை மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. அத்தகையவர்கள் வீட்டில் இருந்தால் பிச்சிப்பூவை வைத்துப் பாருங்கள், அதில் பென்சைல் அசிட்டேட்டின் இனிப்பு ஓங்கியிருப்பதால் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளலாம்.

விரிந்த முதல் இரவிலேயே, அதுவும் பூ வெள்ளையாக விறைப்பாக இருக்கும்போதே துர்நாற்றம் வந்தால் அது பூவின் வேலை இல்லை. பூண்டு, கந்தக வாடையென்றால் நீங்கள் தெளித்த வேப்பெண்ணெய்; இனிமேல் அதைப் பூ இல்லாத கிளைகளில் மட்டும் காலை வேளையில் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடையென்றால் தொட்டி மண்ணில் நீர் தேங்கிக் காற்று போகாமல் வேர் அழுகுகிறது. செடியை எடுத்து, கறுத்த வேர்களை வெட்டி, பெர்லைட்டோ பருமணலோ கலந்த மண்ணில் மாற்றி நடுங்கள். அடித்தட்டில் நீரை ஒருபோதும் தேங்க விடாதீர்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை. ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கிப் பரவ அந்தத் தட்டு நீரே போதும்.

அறிகுறி: மொட்டு விரியும் முன்பே ஊதாநிறமாகி உதிர்கிறது

வயதான பூ ஊதாச் சாயல் ஏறி உதிர்வது இயற்கை. மொட்டாகவே, பாதி வளர்ச்சியில், அடிப்பகுதி வீங்கி, சிவந்து உதிர்ந்தால் அது மொட்டு ஈ. காண்டரினியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இந்த மிகச்சிறு ஈ, ஆர்க்கிட் மொட்டுகளையும் தாக்குவது. அத்தகைய மொட்டு ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து, ஊசியால் நெடுக்காகக் கீறித் திறந்து பாருங்கள். இதழ்களின் இடையில் எள்ளைவிடச் சிறிய, வெண்மையும் மஞ்சளுமான புழுக்கள் ஈரத்தில் நெளியும். முற்றியவை உடலை வில்லாக வளைத்துத் துள்ளித் தட்டுக்கு வெளியே விழும். அப்படித் துள்ளித்தான் அவை மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாகின்றன. முட்டையிலிருந்து ஈயாக மாற மூன்று, நான்கு வாரம் ஆகும்.

இந்தச் சுழற்சியை அறிந்தால் மருந்தில்லாமலே முறிக்கலாம். ஐந்து வாரம், வந்த மொட்டுகள் அனைத்தையும் நல்லது கெட்டது பாராமல் தினமும் கிள்ளி, பையில் போட்டு முடிந்து குப்பைக்குழாயில் போட்டுவிடுங்கள்; உதிர்ந்தவற்றை மண்ணில் விடாதீர்கள்; மேல்மண்ணை ஓரங்குலம் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். மனத்துக்குக் கடினமான வேலைதான், ஆனால் புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் எதுவும் அதைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டிலும் மல்லிகையோ ஆர்க்கிட்டோ இருந்தால் அவர்களும் அதே ஐந்து வாரத்தில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஈ திரும்பி வரும்.

அறிகுறி: கடையில் வாங்கிய சரம் வீட்டுக்கு வந்ததும் மணம் இழக்கிறது

இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. குளிரில் நொதிகளும் மந்தமாகும், ஆவியாதலும் மந்தமாகும். அது பயணத்துக்குத் தேவைதான். ஆனால் குளிர் மிஞ்சினாலோ நாள் கூடினாலோ மொட்டு வெளிக்குக் கெடாமல் தெரிந்தும் பிறகு விரியும் வலுவை இழந்துவிடும், விரியாத மொட்டு மணம் செய்யாது. சரம் வாங்கும்போது இரண்டு மொட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்: விறைப்பாக இருந்து, காம்பு பச்சையாக இருந்தால் அது இன்னும் விரியக்கூடியது. இதழ் நீர்கோத்துக் கண்ணாடி போல மின்னினால் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல், வாழையிலையிலோ ஈரம் பிழிந்த பருத்தித் துணியிலோ தளர்வாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாலை 5 மணிக்கு வாங்கிய விறைப்பான மொட்டுச் சரம் 8 மணிக்குத் தானாக நெகிழும். மறுநாள் காலை திருமணத்துக்கென்று இரவே வாங்குபவர்கள் மட்டும் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, தலையில் சூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். அதே தட்டில் வெங்காயமும் மீனும் இருக்க வேண்டாம்.